தனியாகப் பார்த்தால் லாபம், சேர்த்துப் பார்த்தால் நஷ்டம்: பி.காம் மாணவர்களை மிரட்டும் 'குரூப் அக்கவுண்ட்ஸ்' எதற்கு?

2008-09 நிதியாண்டுக்கு டாடா மோட்டார்ஸ் நிறுவனம் இரண்டு கணக்குகளை வெளியிட்டது. ஒன்றில் சுமார் ரூ.1,001 கோடி லாபம். இன்னொன்றில் சுமார் ரூ.2,505 கோடி நஷ்டம். ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு. இரண்டுமே முறைப்படி தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள். இரண்டுமே சரியான கணக்குகள்தான்.

எப்படி? இந்தக் கேள்விக்கான பதில், தமிழ்நாட்டில் பி.காம் படித்த எல்லோரும் ஒருமுறையாவது தாண்டி வந்த ஒரு பாடத்தில் இருக்கிறது. பழைய சிலபஸில் அதன் பெயர் 'ஹோல்டிங் கம்பெனி அக்கவுண்ட்ஸ்'. புதிய பெயர் 'கன்சாலிடேட்டட் ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட்ஸ்'. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் 'குரூப் அக்கவுண்ட்ஸ்'. தமிழில் சொன்னால் குழுமக் கணக்கு. 'பெரிய சம், மார்க் நிறைய, ஆனா டைம் பத்தாது' என்று பலர் பரீட்சையில் விட்டுவிடும் பகுதியும் இதுதான்.

விட்டுவிடக் கூடாத பகுதி இது. ஏன் என்று பார்க்கலாம்.

டாடா மோட்டார்ஸுக்கு என்ன நடந்தது?

2008 ஜூனில் ஃபோர்டு நிறுவனத்திடம் இருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ் வாங்கியது. அடுத்த சில மாதங்களிலேயே உலகப் பொருளாதார நெருக்கடி வந்து, சொகுசு கார் விற்பனை சரிந்தது.

இந்தியாவில் லாரி, கார் விற்கும் டாடா மோட்டார்ஸை மட்டும் தனியாகப் பார்த்தால் லாபம். இதுதான் தனிநிலைக் கணக்கு, அதாவது 'ஸ்டாண்ட்அலோன்'. அதில் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஒரு 'முதலீடு' மட்டுமே. அந்தக் கம்பெனி உள்ளே எவ்வளவு நஷ்டப்பட்டாலும், இந்த ஏட்டில் அது நேரடியாகத் தெரியாது.

ஆனால் டாடா மோட்டார்ஸின் பங்கை வைத்திருப்பவர், ஜாகுவார் லேண்ட் ரோவருக்கும் சேர்த்துத்தான் சொந்தக்காரர். அவருக்கு வேண்டியது முழுக் குடும்பத்தின் கணக்கு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது லாபம் நஷ்டமாக மாறியது.

சிலபஸில் எங்கே வருகிறது?

திண்டுக்கல்லில் வணிகவியல் படிக்கப் பல வழிகள் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஜி.டி.என். கலைக் கல்லூரி, பெண்களுக்கு எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி, சின்னாளப்பட்டி பக்கத்தில் கூட்டுறவுப் படிப்புக்குப் பெயர்பெற்ற காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எனப் பட்டியல் நீளும். எங்கே சேர்ந்தாலும், பி.காமின் இரண்டாம் ஆண்டு வாக்கில் 'கார்ப்பரேட் அக்கவுண்டிங்' தாள் வரும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அதற்கு டி.எஸ். ரெட்டி, ஏ. மூர்த்தி எழுதிய தடிமனான புத்தகம் பலரிடமும் இருக்கும்.

இங்கேதான் ஒரு தாவல் இருக்கிறது. பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் படித்ததெல்லாம் ஒரே நிறுவனத்தின் கணக்கு. முழுமை பெறாப் பதிவேடுகள், கூட்டாண்மையில் புதுக் கூட்டாளி சேர்ப்பு, பங்கு வெளியீடு, விகித ஆய்வு என எல்லாமே ஒரு கடை, ஒரு கூட்டாண்மை, ஒரு கம்பெனி என்ற எல்லைக்குள் முடிந்துவிடும்.

கல்லூரியில் திடீரென்று இரண்டு கம்பெனிகளின் இருப்புநிலைக் குறிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து, 'இரண்டையும் ஒன்றாக்கு' என்கிறார்கள். தமிழ் மீடியத்தில் இருந்து வருபவர்களுக்கு இரட்டைச் சுமை. இருப்புநிலைக் குறிப்பு 'பேலன்ஸ் ஷீட்' ஆகிறது, காப்பு 'ரிசர்வ்' ஆகிறது, நற்பெயர் 'குட்வில்' ஆகிறது. மொழியும் மாறுகிறது, கணக்கின் எல்லையும் மாறுகிறது.

இதைத் தாண்டினால் அடுத்த படிகள் தானாகத் திறக்கும். சி.ஏ. இன்டர்மீடியட்டில் 'அட்வான்ஸ்டு அக்கவுண்டிங்', சி.ஏ. ஃபைனலில் 'ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்', ஏ.சி.சி.ஏ.வில் அதே பெயரில் ஒரு தாள் என மூன்றிலும் குழுமக் கணக்குதான் கனமான பகுதி. பி.காமில் 55% மதிப்பெண் எடுத்தவர்கள் சி.ஏ. இன்டர்மீடியட்டில் நேரடியாகவே சேரலாம் என்பதால், கல்லூரியில் போட்ட அடித்தளம் அப்படியே கைகொடுக்கும்.

குடும்பத்தை வைத்து யோசித்தால் புரியும்

அக்கா தம்பிக்கு ரூ.5,000 கைமாற்று கொடுத்திருக்கிறார். அக்காவின் நோட்டில் 'தம்பி தர வேண்டியது ரூ.5,000'. தம்பியின் நோட்டில் 'அக்காவுக்குக் கொடுக்க வேண்டியது ரூ.5,000'. ஆனால் அந்த வீட்டுக்கு மொத்தமாக எவ்வளவு சொத்து, எவ்வளவு கடன் என்று யாராவது கேட்டால்? இந்த 5,000 எந்தப் பக்கமும் வராது. வலது பாக்கெட்டில் இருந்து இடது பாக்கெட்டுக்குப் போன பணம் அது.

குழுமக் கணக்கின் சாரம் இவ்வளவுதான். சட்டப்படி ஒவ்வொரு கம்பெனியும் தனி ஆள். ஆனால் ஒரு தாய் நிறுவனம் பல கம்பெனிகளைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால், எல்லாவற்றையும் ஒரே வீடாகப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வெளியே நடந்த வியாபாரத்தை மட்டும் கணக்கில் காட்ட வேண்டும். உள்ளுக்குள் நடந்ததை நீக்க வேண்டும்.

மாணவர்கள் இதைக் 'கூட்டல் கணக்கு' என்று நினைத்துத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாதி வேலை கூட்டல். மீதிப் பாதி, அதுவும் முக்கியமான பாதி, கழித்தல்.

ஒரு நூல் மில், ஒரு கார்மென்ட்ஸ்

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரம் நூற்பாலைகளுக்குப் பேர்போனது. அதனால் உதாரணத்துக்கு ஒரு மில்லையே எடுத்துக்கொள்வோம். கம்பெனிகளும் தொகைகளும் கற்பனை. வரியை விட்டுவிடுவோம். சொத்துகளின் ஏட்டு மதிப்பும் சந்தை மதிப்பும் ஒன்றே என்றும் வைத்துக்கொள்வோம்.

ஏப்ரல் 1 அன்று மில் கம்பெனி, ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியின் 80% பங்குகளை ரூ.10 கோடிக்கு வாங்குகிறது. அன்றைக்கு கார்மென்ட்ஸின் பங்கு முதல் ரூ.6 கோடி, காப்பு ரூ.4 கோடி. ஆக நிகரச் சொத்து ரூ.10 கோடி.

படி 1: முழுசாகச் சேர்க்கணும். 80% தானே வாங்கினோம், அதனால் கார்மென்ட்ஸின் மெஷின், ஸ்டாக், வங்கி இருப்பு எல்லாவற்றையும் 80% ஆகப் பெருக்கிச் சேர்ப்போம் என்று நினைப்பது முதல் தப்பு. மில் கம்பெனி கட்டுப்படுத்துவது முழுக் கம்பெனியை. தையல் மெஷினில் 80% மட்டும் ஓட்ட முடியாது. அதனால் 100% சேர்க்க வேண்டும்.

படி 2: மீதி 20% யாருடையது? வெளியாட்களுடையது. நிகரச் சொத்து ரூ.10 கோடியில் அவர்கள் பங்கு ரூ.2 கோடி. பழைய புத்தகங்களில் இதன் பெயர் 'மைனாரிட்டி இன்ட்ரஸ்ட்'. புதிய தரநிலைகளில் 'நான்-கன்ட்ரோலிங் இன்ட்ரஸ்ட்'. முழுசாகச் சேர்த்த சொத்தில் வெளியாட்களுக்கும் பங்குண்டு என்பதைக் காட்டும் வரி இது. இது கடன் கிடையாது. யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கிடையாது.

படி 3: குட்வில். கொடுத்தது ரூ.10 கோடி. வெளியாட்கள் பங்கு ரூ.2 கோடி. மொத்தம் ரூ.12 கோடி. கிடைத்த நிகரச் சொத்து ரூ.10 கோடிதான். அப்படியென்றால் மீதி ரூ.2 கோடி எதற்கு? கார்மென்ட்ஸின் பெயருக்கு, அதன் ஆர்டர்களுக்கு, தேர்ந்த தொழிலாளர்களுக்கு. அதுதான் குட்வில். பிளஸ் டூவில் 'சராசரி இலாப முறை', 'உயர் இலாப முறை' என்று நற்பெயரைக் கணக்கிட்டது நினைவிருக்கும். இங்கே அந்த முறைகள் கிடையாது. பெயர் ஒன்று, வழி வேறு. இங்கே குட்வில் என்பது கொடுத்த விலைக்கும் கிடைத்த சொத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

படி 4: கார்மென்ட்ஸின் பழைய காப்பு ரூ.4 கோடி எங்கே போச்சு? அது வாங்குவதற்கு முன்பு சம்பாதித்தது. மில் கம்பெனியின் உழைப்பு அதில் இல்லை. அதனால் குட்வில் கணக்கிலேயே அது தீர்ந்துபோகும். இதற்குத்தான் புத்தகத்தில் 'கேப்பிட்டல் ப்ராஃபிட்' என்று பெயர். வாங்கிய பிறகு வரும் லாபம் 'ரெவின்யூ ப்ராஃபிட்'. இந்தக் கோட்டைச் சரியாகப் போட, வாங்கிய தேதி தெரிய வேண்டும். சம் கொடுத்ததும் முதலில் அடிக்கோடு போட வேண்டியது அந்தத் தேதிக்குத்தான்.

படி 5: உள்வியாபாரத்தை நீக்கணும். அந்த ஆண்டில் மில் கம்பெனி, ரூ.80 லட்சம் அடக்கவிலை உள்ள நூலை ரூ.1 கோடிக்கு கார்மென்ட்ஸுக்கு விற்கிறது. ஆண்டு முடிவில் அதில் 40% நூல் கார்மென்ட்ஸ் குடோனிலேயே கிடக்கிறது. ரூ.30 லட்சம் பணமும் பாக்கி.

குழுமமாகப் பார்த்தால் நூல் விற்கப்படவே இல்லை. ஒரு குடோனில் இருந்து இன்னொரு குடோனுக்குப் போயிருக்கிறது. எனவே மூன்று விஷயங்களை நீக்க வேண்டும். ஒன்று, ரூ.1 கோடி விற்பனையும் அதே அளவு கொள்முதலும். இரண்டு, ஒருவருக்கொருவர் பாக்கியான ரூ.30 லட்சம். மூன்று, விற்காமல் கிடக்கும் நூலில் ஒளிந்திருக்கும் லாபம். மொத்த லாபம் ரூ.20 லட்சத்தில் 40%, அதாவது ரூ.8 லட்சம். சட்டை தைத்து வெளியே விற்கும் வரை இந்த ரூ.8 லட்சத்தை லாபம் என்று சொல்ல முடியாது. இதற்குப் பெயர் 'அன்ரியலைஸ்டு ப்ராஃபிட்'.

இப்போது முடிவைப் பாருங்கள். மில்லின் மொத்த விற்பனை ரூ.50 கோடி, கார்மென்ட்ஸின் விற்பனை ரூ.20 கோடி என்றால், குழும விற்பனை ரூ.70 கோடி இல்லை, ரூ.69 கோடி. மில்லின் லாபம் ரூ.3 கோடி, கார்மென்ட்ஸின் லாபம் ரூ.1 கோடி என்றால், குழும லாபம் ரூ.3.92 கோடி. அதில் ரூ.20 லட்சம் வெளியாட்களுக்கு. மில் கம்பெனியின் பங்குதாரர்களுக்குச் சேருவது ரூ.3.72 கோடி.

இந்த ஒரு சம் மனதில் நின்றால், பரீட்சையில் வரும் எவ்வளவு பெரிய கணக்கும் இதன் நீட்சிதான்.

50% தாண்டினால்தான் கட்டுப்பாடா?

பாதிக்கு மேல் பங்கு இருந்தால் தாய் நிறுவனம் என்பது பொதுவான புரிதல். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டமும் அப்படித்தான் தொடங்குகிறது. பாதிக்கு மேல் வாக்குரிமை இருந்தால், அல்லது இயக்குநர் குழுவை அமைக்கும் அதிகாரம் இருந்தால், அது துணை நிறுவனம்.

பெரிய கம்பெனிகள் பின்பற்றும் இண்ட் ஏ.எஸ். 110 தரநிலை இன்னும் ஆழமாகக் கேட்கிறது. அந்தக் கம்பெனியின் முக்கிய முடிவுகளை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அதன் லாப நஷ்டம் யாரைப் பாதிக்கிறது? அந்த அதிகாரத்தை வைத்துத் தன் பலனை அவர் மாற்றிக்கொள்ள முடியுமா? மூன்றுக்கும் பதில் 'ஆமாம்' என்றால், பங்கு 45% தான் என்றாலும் அது கட்டுப்பாடுதான்.

கட்டுப்பாடு இல்லை, ஆனால் செல்வாக்கு உண்டு என்றால்? பொதுவாக 20% முதல் 50% வரை வைத்திருப்பவர்கள் இந்த வகை. அது 'அசோசியேட்'. அதன் சொத்து, கடனை வரிவரியாகச் சேர்ப்பதில்லை. லாபத்தில் நம் பங்கை மட்டும் ஒரே வரியில் காட்டினால் போதும்.

திண்டுக்கல்லிலேயே இதற்கு ஒரு எதிர் உதாரணம் இருக்கிறது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பங்குதாரர்கள். கீழே இருக்கும் சங்கங்களுக்கு மேலே இருக்கும் வங்கியில் பங்கு. ஆனால் கூட்டுறவில் ஓட்டு பங்கின் எண்ணிக்கையைப் பொறுத்தது இல்லை, ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. அதனால் பங்கு வைத்திருந்தாலும் எந்த ஒரு சங்கமும் வங்கியைக் கட்டுப்படுத்த முடியாது. சொந்தம் வேறு, கட்டுப்பாடு வேறு என்பதைக் காட்ட இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது.

இந்தச் சட்டம் எப்போது வந்தது?

பல கம்பெனிகளை ஒன்றாக்கிக் கணக்கு காட்டும் வழக்கத்துக்கு அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் ஒரு முன்னோடி. 1901-ல் பல எஃகு நிறுவனங்களை இணைத்து உருவான அந்த நிறுவனம், 1902-ம் ஆண்டுக் கணக்கையே ஒருங்கிணைத்து வெளியிட்டது. பிரிட்டன் 1948 கம்பெனிகள் சட்டத்தில் இதைக் கட்டாயமாக்கியது.

இந்தியா மெதுவாகத்தான் வந்தது. 1956-ம் ஆண்டுச் சட்டம், துணை நிறுவனங்களின் கணக்கைத் தாய் நிறுவனத்தின் கணக்கோடு 'இணைத்துக் கொடு' என்று மட்டுமே சொன்னது. ஒன்றாக்கச் சொல்லவில்லை. 2001-ல் ஏ.எஸ். 21 தரநிலை வந்தது. பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிகள் ஒருங்கிணைந்த கணக்கு வெளியிட வேண்டும் என்று செபியும் சொன்னது. 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 129(3)-ம் பிரிவுதான், துணை நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலிடப்படாத கம்பெனிகளையும் இதற்குள் கொண்டுவந்தது. சில விலக்குகள் உண்டு.

2016 ஏப்ரல் 1 முதல் ரூ.500 கோடிக்கு மேல் நிகர மதிப்புள்ள கம்பெனிகளுக்கும், 2017 ஏப்ரல் 1 முதல் பட்டியலிடப்பட்ட மற்ற கம்பெனிகளுக்கும், ரூ.250 கோடிக்கு மேல் நிகர மதிப்புள்ள பட்டியலிடாத கம்பெனிகளுக்கும் சர்வதேசத் தரநிலைகளை ஒட்டிய இண்ட் ஏ.எஸ். கட்டாயமானது. இதில் பலர் கவனிக்காத ஒன்று: இந்த வரம்புக்குள் வரும் கம்பெனியின் துணை நிறுவனமும் அதே விதிக்குள் வந்துவிடும். பெரிய குழுமம் ஒன்று வாங்கிய சின்ன மில்லின் அக்கவுண்டன்ட்டும் இண்ட் ஏ.எஸ். தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் காலாண்டு முடிவுகளையும் ஒருங்கிணைத்தே வெளியிட வேண்டும்.

சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும்?

உலகுக்கு இதைப் புரியவைத்தது என்ரான். அமெரிக்காவின் அந்த எரிசக்தி நிறுவனம், கடனையும் நஷ்டத்தையும் தனக்கு வேண்டிய சிறப்பு நோக்க நிறுவனங்களில் வைத்து, அவற்றைத் தன் கணக்கில் சேர்க்காமல் விட்டது. 2001 நவம்பரில் அவற்றைச் சேர்த்துப் பழைய கணக்குகளைத் திருத்தியபோது, முந்தைய ஆண்டுகளில் காட்டிய லாபத்தில் 58 கோடி டாலருக்கு மேல் குறைந்தது. டிசம்பர் 2 அன்று திவால் மனு தாக்கலானது.

இந்தியாவின் பாடம் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதை இல்லை. திருப்பூரின் தண்ணீர்த் திட்டமும் கடலூர் மாவட்டத்தில் உள்ள அனல்மின் நிலையமும் அந்தக் குழுமத்தோடு தொடர்புள்ளவை. 2018 ஆகஸ்ட் வரை மிக உயர்ந்த 'ட்ரிபிள் ஏ' தரமதிப்பீடு பெற்றிருந்த நிறுவனம், செப்டம்பரில் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் 'டி' தரத்துக்கு விழுந்தது. அக்டோபர் 1 அன்று மத்திய அரசு அதன் இயக்குநர் குழுவை நீக்கி, உதய் கோடக் தலைமையில் புதிய குழுவை அமர்த்தியது.

புதிய குழு எண்ணிப் பார்த்தபோது, குழுமத்தில் 340-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன. மொத்தக் கடன் ரூ.90,000 கோடிக்கு மேல். 2019 ஜனவரியில் தாய் நிறுவனம் உட்பட மூன்று கம்பெனிகளின் ஐந்து ஆண்டுக் கணக்குகளை மீண்டும் திறந்து எழுத தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அனுமதி கொடுத்தது.

இத்தனைக்கும் அங்கே ஒருங்கிணைந்த கணக்கு இல்லாமல் இல்லை. குழுமத்தின் கடன் அதில் இருந்தது. கணக்கு எழுதினால் மட்டும் போதாது, அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும். தாய் நிறுவனம், துணை நிறுவனம், துணைக்குத் துணை என்று அடுக்குகள் கூடக்கூட, பணம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமாகிறது. இதனால்தான் இரண்டு அடுக்குகளுக்கு மேல் துணை நிறுவனம் கூடாது என்ற விதி 2017 செப்டம்பரில் வந்தது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு.

'சிஸ்டர் கன்சர்ன்' கதை

'இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம், நம்ம ஊருக்கு என்ன?' என்று தோன்றலாம். ஊரில் வியாபாரக் குடும்பங்களைப் பாருங்கள். அப்பா பெயரில் ஒரு தனிநபர் நிறுவனம், அம்மாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு பார்ட்னர்ஷிப், மகன் பெயரில் ஒரு பிரைவேட் லிமிடெட். மூன்றுக்கும் தனித்தனி ஜி.எஸ்.டி. எண். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குச் சரக்கு போகும், பணமும் போகும். வியாபாரிகள் இதை 'சிஸ்டர் கன்சர்ன்' என்பார்கள்.

இங்கே தாய் கம்பெனி என்று ஒன்று இல்லை. அதனால் ஒருங்கிணைந்த கணக்கு போடச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் லோன் கேட்டு வங்கிக்குப் போனால், மேனேஜர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'சிஸ்டர் கன்சர்ன் பேலன்ஸ் ஷீட் எல்லாம் கொண்டுவந்திருக்கீங்களா?' மூன்று ஏட்டிலும் விற்பனை ரூ.2 கோடி என்றால் குடும்ப வியாபாரம் ரூ.6 கோடியா, அல்லது ஒரே சரக்கு மூன்று பில்லில் சுற்றியதா என்று அவர் பார்க்க வேண்டும். அவர் மனதுக்குள் செய்வது மேலே பார்த்த ஐந்தாவது படியைத்தான்.

ஆடிட்டர் ஆபீஸில் ஆர்டிக்கிள்ஷிப் பார்க்கும் மாணவருக்கு, கல்லூரிப் பாடமும் ஊர் வியாபாரமும் சந்திக்கும் இடம் இது.

மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் செய்வது முதல் சறுக்கல். 'காஸ்ட் ஆஃப் கன்ட்ரோல்', 'மைனாரிட்டி இன்ட்ரஸ்ட்' என்று வரிசையாக ஒர்க்கிங் நோட்ஸ் போடத் தெரியும். ஆனால் வாங்கிய தேதி ஆண்டின் நடுவில் வந்தால் தடுமாற்றம். அந்த ஆண்டு லாபத்தை, வாங்குவதற்கு முன், வாங்கிய பின் என்று மாதக் கணக்கில் பிரிக்க வேண்டும் என்பது காரணம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே தானாக வரும்.

இரண்டாவது, லாப விகிதம். 'அடக்கவிலை மீது 25% லாபம்' என்பதும் 'விற்பனை விலை மீது 20% லாபம்' என்பதும் ஒன்றுதான். மேலே உள்ள உதாரணத்தில் ரூ.80 லட்சம் சரக்கு ரூ.1 கோடிக்குப் போனது அப்படித்தான். கேள்வியில் எது கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஓடினால் ஒரு சின்ன எண்ணில் மொத்த பேலன்ஸ் ஷீட்டும் டாலி ஆகாது.

மூன்றாவது, யார் யாருக்கு விற்றார்கள் என்பது. தாய் விற்றுத் துணை நிறுவனத்திடம் சரக்கு நின்றால், நீக்கும் லாபம் முழுவதும் தாயின் கணக்கில் குறையும். துணை நிறுவனம் விற்றுத் தாயிடம் நின்றால், இண்ட் ஏ.எஸ். கணக்கில் வெளியாட்களும் அந்தக் குறைவில் பங்கு ஏற்பார்கள்.

நான்காவது, கம்மி விலைக்கு வாங்கினால் என்ன என்பது. நிகரச் சொத்தைவிடக் குறைவாகக் கொடுத்து வாங்கினால், சர்வதேசத் தரநிலைப்படி அந்த ஆதாயம் லாப நஷ்டக் கணக்குக்கே போகும். இந்தியாவின் இண்ட் ஏ.எஸ். 103-ல் பொதுவாக அது மூலதனக் காப்புக்குப் போகும். ஏ.சி.சி.ஏ.வும் சி.ஏ.வும் சேர்த்துப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது.

படித்தால் என்ன பயன்?

வேலைப் பக்கம் முதலில். சென்னை, கோவை, பெங்களூரில் பன்னாட்டு நிறுவனங்களின் ஷேர்டு சர்வீஸ் மையங்களில் 'ரெக்கார்டு டு ரிப்போர்ட்' என்ற பிரிவு உண்டு. அங்கே மாதக் கடைசியில் நடக்கும் பெரிய வேலைகளில் ஒன்று 'இன்டர்கம்பெனி ரீகன்சிலியேஷன்'. ஒரு நாட்டுக் கிளையின் ஏட்டில் வர வேண்டியதாக இருக்கும் தொகை, இன்னொரு நாட்டுக் கிளையின் ஏட்டில் கொடுக்க வேண்டியதாக இருக்கிறதா என்று சரிபார்ப்பது. அக்கா-தம்பி நோட்டுக் கணக்கின் டாலர், யூரோ வடிவம் அது. சாஃப்ட்வேர் கூட்டிக் கழித்துவிடும். ஏன் இடிக்கிறது என்று கண்டுபிடிப்பது மனிதரின் வேலை.

அடுத்து முதலீடு. மொபைல் ஆப்பில் ஒரு பங்கைப் பார்க்கும்போது 'ஸ்டாண்ட்அலோன்', 'கன்சாலிடேட்டட்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். துணை நிறுவனங்கள் உள்ள கம்பெனி என்றால் முதலில் பார்க்க வேண்டியது கன்சாலிடேட்டட். அதற்காக ஸ்டாண்ட்அலோன் வீண் இல்லை. இந்தியாவில் குழுமத்துக்கு மொத்தமாக வருமான வரி கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகத்தான் கட்டும். டிவிடெண்டும் அந்தந்தக் கம்பெனியின் சொந்த லாபத்தில் இருந்துதான். துணை நிறுவனத்தில் இருக்கும் பணம் தாயின் கைக்குத் தானாக வந்துவிடாது. ஆக, குடும்பத்தின் நிலை தெரிய ஒன்று, கைச்செலவுக்கு என்ன இருக்கிறது என்று தெரிய இன்னொன்று.

பாடத்தில் இந்தப் பகுதி தொடங்கும் வாரத்தில் செய்ய எளிய பயிற்சி ஒன்று உண்டு. தெரிந்த ஒரு பட்டியலிடப்பட்ட கம்பெனியின் ஆண்டறிக்கையை அதன் இணையதளத்தில் இருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அதில் 'ஏ.ஓ.சி.-1' என்ற படிவத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு துணை நிறுவனத்தின் பெயர், தாயின் பங்கு சதவீதம், அதன் சொத்து, கடன், லாபம் எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். லாபம் எந்தக் கம்பெனியில் இருந்து வருகிறது? கடன் எந்தக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறது? தாயின் தனிக் கணக்குக்கும் குழுமக் கணக்குக்கும் வித்தியாசம் எவ்வளவு?

வித்தியாசம் பெரிதாக இருந்தால், அதற்குக் காரணமான பெயர் அந்த அட்டவணையிலேயே இருக்கும்.